மருந்துக்கடையில் சளிக்காய்ச்சல் தடுப்பூசி: மருந்தாளர் உண்மையில் என்ன செய்கிறார்?

இரவு கடை மூடும் நேரத்தில், வீட்டுக்கு அருகிலுள்ள கடைத்தொகுதியின் மருந்துக்கடைக்குப் போய், சில வகை இருமல் மருந்துகளைக் கேட்டுப் பாருங்கள். மருந்து கண்ணெதிரே அலமாரியில் இருக்கும். ஆனால் மருந்தாளர் பணியில் இல்லை என்று அறிவிக்கும் அட்டை ஒன்று அதன் முன்னால் நிற்கும், காசாளரும் அதை விற்க மாட்டார். ஷாம்பு, பற்பசை, பனடோல் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு வரலாம், அந்த அலமாரியை மட்டும் தொட முடியாது. சிங்கப்பூரில் மருந்துகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன: மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே கிடைப்பவை, மருந்தாளர் விசாரித்துத் தருபவை, எவரும் எடுத்துக்கொள்ளக்கூடியவை. நடுவிலுள்ள வகை, மருந்தாளர் அங்கே இருக்கும் நேரத்தில்தான் விற்பனைக்கு வரும். அந்த ஒருவர் வெறும் விற்பனையாளர் அல்லர் என்பதற்கு அந்தச் சிறிய அட்டையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

சொற்களை முதலில் நேர்செய்துகொள்வது நல்லது. நம் ஊர்த் தமிழில் ‘மருந்தகம்’ என்றால் மருத்துவர் இருக்கும் இடம். ‘பலதுறை மருந்தகம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் அதே சொல்லைக் கேட்டு மருந்து விற்கும் கடையைத் தேடிப் போவதுண்டு. எனவே இக்கட்டுரையில் மருத்துவர் பார்க்கும் இடத்தை மருந்தகம் என்றும், மருந்து விற்கும் இடத்தை மருந்துக்கடை என்றும் குறிப்பிடுகிறேன். மருந்துக்கடையில் பணியாற்றும், பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயின்று, பயிற்சிக்காலம் முடித்து, சிங்கப்பூர் மருந்தாளர் மன்றத்தில் பதிவு பெற்றவரே சமூக மருந்தாளர். மருத்துவமனை மருந்தாளரைப் பார்க்க நோயாளியாக உள்ளே போக வேண்டும். இவரைப் பார்க்கக் கதவைத் தள்ளினால் போதும், முன்பதிவும் வேண்டாம், ஆலோசனைக் கட்டணமும் வழக்கமாக இல்லை. தடுப்பூசி விஷயத்தில் இவர் ஏன் பேசப்படுகிறார் என்பதற்கான காரணம் ஏறக்குறைய இதற்குள்ளேயே இருக்கிறது.

சளிக்காய்ச்சல் என்பது இன்ஃபுளுவென்சா என்னும் கிருமியால் வரும் நோய். மூக்கு ஒழுகி இரண்டு நாளில் தீர்ந்துபோகும் சாதாரணச் சளியையும் நாம் ‘ஃப்ளூ’ என்றே சொல்லிவிடுவதால், இந்த நோயின் கடுமை பலருக்கு உறைப்பதில்லை. உண்மையான சளிக்காய்ச்சல் திடீரென்று தாக்கும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் உடல் முழுவதும் வலித்து, கடுங்காய்ச்சலோடு படுத்துவிடுவார். இளவயதினர் பெரும்பாலும் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவர். ஆனால் முதியோர், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோயுள்ளோர் ஆகியோருக்கு அது நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடக்கூடும். 2025 பிப்ரவரியில் தைவான் நடிகை பார்பி சூ ஜப்பானுக்குச் சுற்றுலா சென்ற இடத்தில் சளிக்காய்ச்சலைத் தொடர்ந்த நுரையீரல் அழற்சியால் 48 வயதில் இறந்தபோது, தடுப்பூசி பற்றி இங்குள்ள மருந்தகங்களில் விசாரிப்போர் திடீரென்று அதிகரித்தனர். ஒரு செய்தி வந்தால் ஓடுவதும், அது மறந்தால் அடுத்த ஆண்டு விட்டுவிடுவதும் நம் பொது வழக்கம். அந்த வழக்கத்துக்கு எதிராகத்தான் மருந்தாளர் பணியாற்ற வேண்டியிருக்கிறது.

ஆண்டுதோறும் ஏன் போட வேண்டும் என்பது முகப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கிருமி தன் மேற்புறத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பதால், போன ஆண்டு உடல் கற்றுக்கொண்ட அடையாளம் இந்த ஆண்டு பொருந்தாமல் போகலாம். இரண்டாவது, ஊசியால் கிடைக்கும் பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவே தேய்கிறது. ஆகவே உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்குமாக, எந்தெந்தக் கிருமி வகைகளைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பல ஆண்டுகள் நான்கு வகைகள் இருந்தன; அவற்றுள் ‘பி யமகாட்டா’ என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதிசெய்யப்பட்ட அளவில் காணப்படாததால், மூன்று வகைகள் கொண்ட ஊசிக்கே திரும்பும்படி இப்போது சொல்லப்படுகிறது. “போன வருடம் நாலு இருந்துச்சே, இப்ப மூணுதானா, குறைச்சிட்டாங்களா?” என்று கேட்பவரிடம், இல்லாத திருடனுக்குப் பூட்டு எதற்கு என்று, மருந்தாளரான நான் பதில் சொல்வதுண்டு.

குளிர்நாடுகளில் குளிர்காலம் வந்தால் சளிக்காய்ச்சல் வரும், அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் முடிந்தது. நமக்கோ குளிர்காலமே இல்லை. பூமத்திய ரேகைக்கு அருகிலிருக்கும் சிங்கப்பூரில் கிருமி ஆண்டு முழுவதும் உலவுகிறது. அதோடு ஆண்டிறுதியை ஒட்டிய மாதங்களிலும், பிறகு மே முதல் ஜூலை வரையிலும் அது வழக்கமாக உயர்கிறது. இவ்விரு காலங்களும் டிசம்பர், ஜூன் பள்ளி விடுமுறைகளோடு ஒட்டி வருவதைக் கவனியுங்கள். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகும் பாட்டிகளும், பனி பார்க்கக் கொரியா போகும் குடும்பங்களும் விமானச் சீட்டு வாங்கும்போதே இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஊசி போட்டபின் உடல் முழுப் பாதுகாப்பைத் திரட்ட ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் வந்து கேட்பவர்கள் உண்டு. போடக்கூடாது என்பதில்லை, ஆனால் பயணத்தின் முதல் வாரத்துக்கு அது பெரிதாக உதவாது என்பதை மருந்தாளர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும்.

மருந்தாளர் தடுப்பூசி போடுவது உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1990களின் நடுவிலேயே அவர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. 2009க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களும் அதை அனுமதித்துவிட்டன. போர்ச்சுகலில் 2007இலும் அயர்லாந்தில் 2011இலும் சட்டம் வழிவிட்டது, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து 2014இல் முன்னோட்டமாகத் தொடங்கியது, இங்கிலாந்தில் 2015 முதல் தேசியச் சுகாதாரச் சேவையே மருந்துக்கடைகளுக்குக் கட்டணம் தந்து இந்த ஊசியைப் போடச் செய்கிறது. சிங்கப்பூரில் பெரும்பாலோர் இன்றும் குடும்ப மருத்துவரின் மருந்தகத்திலோ பலதுறை மருந்தகத்திலோதான் போட்டுக்கொள்கின்றனர். எந்த மருந்துக்கடையில் சேவை உண்டு, எந்த வயதினருக்கு உண்டு என்பதைக் கேட்டறிந்துகொண்டு போவதே முறை.

இனி, ஊசி போடும் அந்த அறைக்குள் வருவோம். மருந்தாளரின் வேலை ஊசியைக் குத்துவது என்றே பலரும் நினைக்கின்றனர். குத்துவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடி. அதற்கு முன் நடக்கும் உரையாடல்தான் அவருடைய தொழில்.

முதலில் இன்று உடல்நலம் எப்படி என்று கேட்பார். இலேசான மூக்கடைப்பு தடையாகாது. கடுங்காய்ச்சல் இருந்தால் தணியட்டும் என்று தள்ளிவைப்பார். அடுத்து, இதற்குமுன் எந்தத் தடுப்பூசிக்காவது கடும் ஒவ்வாமை ஏற்பட்டதா என்பது. ‘ஒவ்வாமை’ என்ற சொல்லைக் கேட்டதும், கை வலித்தது, தலை சுற்றியது, இரவு காய்ச்சலாக இருந்தது என்று மக்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். அவற்றிலிருந்து, முகமும் நாக்கும் வீங்கி மூச்சு முட்டிய அனுபவம் ஏதேனும் உண்டா என்பதைப் பிரித்தெடுப்பது தனித்திறன். தமிழ் முதியவர்களிடம் இதை ஆங்கிலத்தில் கேட்டால் பெரும்பாலும் ‘நோ, நோ’ என்றே பதில் வரும். தமிழில், “ஊசி போட்ட உடனே மூச்சு விடச் சிரமமா இருந்துச்சாம்மா? உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வந்துச்சா?” என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். முட்டை பற்றிய கேள்வியும் வரும். பெரும்பாலான சளிக்காய்ச்சல் தடுப்பூசிகள் கோழிமுட்டையில் கிருமியை வளர்த்துத் தயாரிக்கப்படுவதால், முட்டை ஒவ்வாதவர்கள் முன்பு பெரிதும் எச்சரிக்கப்பட்டனர். ஊசியில் எஞ்சும் முட்டைப் புரதத்தின் அளவு மிகக் குறைவு என்று தெரிந்தபின் அந்த அச்சம் வெகுவாகத் தளர்ந்துவிட்டது. இருப்பினும் சொல்லிவைப்பது நல்லது. சைவ உணவுக்காரர் சிலர் முட்டை என்றதும் தயங்குவர். முட்டையைப் பயன்படுத்தாமல் உயிரணுக்களில் வளர்த்துத் தயாரிக்கப்படும் வகையும் உலகில் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லலாம்.

பிறகு, என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்ற கேள்வி. மருந்தாளர் தம் சொந்த மண்ணில் கால் ஊன்றி நிற்பது இங்கேதான். ஒருமுறை எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் முகப்புக்கு வந்தார்.

“தம்பி, எதிர்வீட்டு மீனாட்சி ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டாளாம். நானும் போட்டுக்கலாமா? எனக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுத்திருக்காங்க.”

“என்ன மாத்திரைம்மா?”

“பேரெல்லாம் எனக்கு எங்க தெரியும்? இந்தா, நீயே பாரு.”

கைப்பையிலிருந்து ஒரு நெகிழிப் பையை எடுத்து அப்படியே முகப்பில் கவிழ்த்தார். நீரிழிவுக்கு இரண்டு, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, அவற்றோடு இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். வார்ஃபரின் உட்கொள்பவருக்கு இந்த ஊசி விலக்கப்பட்டதன்று. ஆனால் தசைக்குள் இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு மற்றவரைவிட அதிகம் என்பதால், கடைசி இரத்தப் பரிசோதனையில் உறைவு அளவு கட்டுக்குள் இருந்ததா என்று பார்க்க வேண்டும், மெல்லிய ஊசியைப் பயன்படுத்த வேண்டும், போட்ட இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் விளக்கிவிட்டு, ‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்னும் தேசியச் சுகாதாரத் திட்டத்தில் எந்த மருந்தகத்தில் பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். புளோக்குக்குக் கீழே இருக்கும் மருத்துவரிடம்தான் என்றார். அப்படியென்றால் அங்கேயே போங்கள், உங்களுக்கு அங்கே இலவசம், உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவும் அவரிடமே இருக்கும் என்று சொல்லி, மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அன்று அந்தக் கடையில் ஓர் ஊசியும் போடப்படவில்லை. ஆயினும் தடுப்பூசியில் மருந்தாளரின் பங்கு எது என்று யாராவது கேட்டால் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன்.

கேள்விகள் முடிந்து, ஒப்புதல் பெற்றபின், மேல்கையின் வெளிப்புறத்தில் உள்ள டெல்டாய்டு தசையில் ஊசி செலுத்தப்படும். தோள் எலும்பின் விளிம்பைத் தொட்டுணர்ந்து, அதற்கு இரண்டு மூன்று விரல்கடை கீழே இடம் குறிப்பார்கள். மிக மேலே போட்டுவிட்டால் மூட்டுப் பகுதி பாதிக்கப்பட்டுத் தோள்வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். சட்டையின் கழுத்தை விலக்கித் தோளை மட்டும் காட்டும்போது இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடும். ஆகவே கையை முழுவதும் மேலேற்றக்கூடிய தளர்வான ரவிக்கை அல்லது சட்டை அணிந்துவருவது உங்கள் தரப்பிலிருந்து செய்யக்கூடிய சிறிய உதவி. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல், உடனே தடித்த சுவருடைய கழிவுப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். மூடி போடப்போய்த்தான் தம் விரலில் குத்திக்கொள்ளும் விபத்துகள் நேர்கின்றன.

போட்டபின் சுமார் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். பலர் இதைச் சடங்கு என்று எண்ணி, “பஸ் வந்துரும்” என்று எழுந்துவிடுகின்றனர். கடும் ஒவ்வாமை மிக மிக அரிது. ஆனால் அது வருவதானால் பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களுக்குள் வரும். அப்போது அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்தி, அவசர மருத்துவ உதவிக்கு 995ஐ அழைக்க வேண்டும். இந்த ஏற்பாடும் இதற்கான பயிற்சியும் இல்லாத இடத்தில் தடுப்பூசி போடுவது முறையாகாது. ஒவ்வாமையைவிட அடிக்கடி நடப்பது மயக்கம்: ஊசியைக் கண்டு அஞ்சியோ, காலையிலிருந்து சாப்பிடாமல் வந்தோ, வாட்டசாட்டமான இளைஞர்கள்தான் பொத்தென்று சாய்வார்கள். விரதம் இருக்கும் நாளில் வருவோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், படுக்கவைத்தே போட ஏற்பாடு செய்யலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றும் உண்டு, அது குளிர்பதனப் பெட்டி. சளிக்காய்ச்சல் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரிலேயே இருக்க வேண்டும். வெளியே முப்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், சூடேறினால் கெட்டுவிடும் என்பதை எவரும் ஊகிப்பர். உறைந்துபோனாலும் கெட்டுவிடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உறைந்து உருகிய ஊசிமருந்தைப் பார்வையால் கண்டுபிடிக்க இயலாது, தெளிவாகவே இருக்கும், ஆனால் அதை நம்பிப் போட முடியாது. ஆகையால் பெட்டியின் கதவில் மருந்து வைப்பதில்லை, குளிர்காற்று நேராக வரும் பின்சுவரை ஒட்டியும் வைப்பதில்லை. உணவுப்பொட்டலம் எதையும் அதற்குள் அனுமதிப்பதில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று, அப்போதைய வெப்பநிலையையும் கடந்த நேரத்தில் எட்டிய மிகக் கூடிய, மிகக் குறைந்த அளவுகளையும் பார்த்துக் குறித்து, கையொப்பமிட வேண்டும். நான் முன்பு பணியாற்றிய கடையொன்றில், துப்புரவுப் பணியின்போது யாரோ மின்செருகியைக் கழற்றிவிட்டு மறந்துபோனார்கள். காலையில் அளவுமானி 14 காட்டியது. உள்ளே இருந்தது மொத்தத்தையும் தனியே பிரித்து, எவருக்கும் போடாமல் நிறுத்திவைத்து, தயாரிப்பாளரைக் கேட்டு, முடிவில் பெரும்பகுதியை அழித்தோம். நட்டம்தான், ஆனால் பாதுகாப்புத் தராத ஊசியைப் போட்டுவிட்டு, பாதுகாப்பு இருக்கிறது என்று ஒருவரை நம்பவைப்பது அதைவிடப் பெரிய தவறு. அதற்குப்பின் அந்தச் செருகிக்கு மேல் மூன்று மொழிகளில் எச்சரிக்கை ஒட்டப்பட்டது.

எல்லாரையும் மருந்தாளரே பார்க்க வேண்டும் என்பதன்று. முதல்முறை போட்டுக்கொள்ளும் சிறு பிள்ளைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் தேவைப்படும். அவர்கள் மருத்துவரிடம் போவதே நல்லது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி பரிந்துரைக்கப்படுகிறது, ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஊசி போட இயலாது என்பதால் தாயிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பே அதற்குத் துணை. ஆனால் அவர்களும் தங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது பொருத்தம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், முன்பு கியான்-பாரே என்னும் நரம்புப் பாதிப்பு ஏற்பட்டோர் ஆகியோரையும் மருந்தாளர் மருத்துவரிடமே அனுப்புவார். தம்மால் முடியாததைத் தெரிந்து அனுப்பிவைப்பவரே நல்ல மருந்தாளர்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர் கேட்கும் கடைசிக் கேள்வி அதுதான், முதல் கேள்வியாகவும் இருக்கும். 2017இல் வகுக்கப்பட்ட பெரியவர்களுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணை, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும், நாள்பட்ட நோயுள்ளோர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் பதிந்த குடிமக்கள், தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளைத் தாங்கள் பதிந்த மருந்தகத்திலேயே முழு மானியத்தில் பெறலாம். எனவே அத்தகையோர் மருந்துக்கடையில் பணம் கொடுப்பதில் பொருளில்லை, அதை வெளிப்படையாகச் சொல்லும் மருந்தாளரை நம்புங்கள். மருந்துக்கடை உண்மையில் உதவுவது மற்றவர்களுக்கு: பரிந்துரைப் பட்டியலில் இல்லாத, ஆனால் வீட்டில் முதிய பெற்றோரை வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர், பகல் முழுவதும் பணியிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டுமே தேக்கா பக்கம் வரும் வெளிநாட்டு ஊழியர், வேலையிடத்தில் அரைநாள் விடுப்புக் கேட்கத் தயங்குபவர். இவர்களுக்கு எப்படியும் கைக்காசுதான். நேரமும் தூரமும்தான் இவர்களுடைய தடை.

ஊசி போட்டதால் சளிக்காய்ச்சல் வந்துவிட்டது என்ற குறை ஆண்டுதோறும் கேட்கும். இங்கு போடப்படும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமியின் பகுதிகள், அவற்றால் நோயை உண்டாக்க முடியாது. ஓரிரு நாள் கைவலி, உடல்சோர்வு, இலேசான காய்ச்சல் வருவது உடல் வேலை செய்கிறது என்பதன் அடையாளம். தேவைப்பட்டால் பனடோல் போதும். வலிக்கும் இடத்தில் தைலம் தேய்த்து உருவிவிட வேண்டாம், கையை வழக்கம்போல் அசைத்துக்கொண்டிருந்தாலே பிடிப்பு விடும். அதேபோல், ஊசி போட்டவருக்குச் சளிக்காய்ச்சல் வரவே வராது என்றும் சொல்ல முடியாது. ஊசி நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரை நாட வேண்டிய அளவிலான நோய் வரும் வாய்ப்பை அது ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு குறைக்கிறது. வந்தாலும் மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போவது குறைகிறது. கடுங்காய்ச்சல் தொடங்கி, மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஊசி போட்டிருக்கிறோம் என்று வீட்டில் காத்திருக்கக்கூடாது. கிருமியை அடக்கும் மாத்திரைகள் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், அவற்றை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

கடைசியாக, ஊசி போட்டுக்கொண்ட நாள், மருந்தின் பெயர், அதன் தொகுதி எண் ஆகியவை பதிவாகியிருக்க வேண்டும். மருந்துக்கடையில் போட்டுக்கொண்டால், அந்த விவரத்தைக் கேட்டு வாங்கி, அடுத்தமுறை குடும்ப மருத்துவரைப் பார்க்கும்போது காட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து அவரும் நல்லெண்ணத்தோடு, “இந்த வருஷத்து ஃப்ளூ ஊசி இன்னும் போடலையே” என்று சட்டைக்கையை மேலேற்றச் சொல்வார்.